மணியின் அளவும் துளையின் அளவும்

மாலை அறுந்து மணிகள் தரையில் சிதறும்போது பழி நூலின்மேல் விழுகிறது. தடித்த நூல் ஒன்றை வாங்கி வந்து மீண்டும் கோக்க முயன்றால், அது பாதி மணிகளில் நுழைவதில்லை. நுழைந்தாலும் சில திங்களில் அதே இடத்தில் மீண்டும் அறுகிறது. நூலை அறுப்பது பெரும்பாலும் மணியின் துளையே. துளைக்கும் நூலுக்கும் உள்ள பொருத்தம் அறியாது பொருள் வாங்குவதால், அணிகலன் கோப்போரின் பணமும் பல நாள் உழைப்பும் வீணாகின்றன.

ஜலீப் அல் ஷுயூக் பகுதியைச் சேர்ந்த அப்பாசியாவின் அடுக்ககங்களில், ஆரி வேலையும் மண் நகையும் பாசிமணி மாலையும் செய்து பழகும் தமிழ்ப் பெண்டிர்க்கு இச்சிக்கல் புதிதன்று. அவர்கள் கையாளும் மணிகளுள் ஒரு பங்கு விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புவோரின் பெட்டிகளில் வருகிறது. ஒரு பங்கு இங்குள்ள கடைகளில் கிடைக்கிறது. எஞ்சியது இணையவழி வாங்கப்படுகிறது. மூன்று வழிகளிலும் அளவைக் குறிக்கும் முறை வேறு வேறு. மணியைக் கையில் எடுத்துப் பாராமல் எண்ணை மட்டும் நம்பி வாங்குவோரே மிகுதியும் ஏமாறுகின்றனர்.

எண் கூடினால் மணி சிறுக்கும்

குவைத்தில் எண்ணெய் கண்டறியப்பட்டது 1938-ஆம் ஆண்டிலும், முதன்முதலில் ஏற்றுமதியானது 1946-ஆம் ஆண்டிலும் ஆகும். அதற்கு முன் இம்மண்ணின் பெருந்தொழில்களுள் முதன்மையானது முத்துக்குளிப்பு. கோடைத் திங்கள்களில் கடலுக்குச் சென்ற மரக்கலங்கள் கொணர்ந்த முத்துகளை ‘தவ்வாஷ்’ என வழங்கப்பட்ட முத்து வணிகர் வாங்கி, அடியில் துளைகளிட்ட சிறு உலோகச் சல்லடைகளில் இட்டு அளவு பிரித்தனர். பிரித்த முத்துகளில் பெரும்பகுதி பம்பாய்ச் சந்தைக்குச் சென்றது. துளையிடுதலும் அங்கேயே நிகழ்ந்தது.

தமிழ்க் கடலான மன்னார் வளைகுடாவிலும் இதே முறை இருந்தது. அங்குப் பயன்பட்ட பித்தளைச் சல்லடைகள் பத்து. முதலாவதில் 20 துளைகள்; அடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என உயர்ந்து இறுதியில் 1000 துளைகள். சல்லடைகள் ஏறக்குறைய ஒரே அகலமுடையவை. ஆதலால் துளைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு துளையும் சிறுத்தது. 20 துளைச் சல்லடையில் தங்கிய முத்து மிகப் பெரியது. 1000 துளைச் சல்லடை வரை சென்றது பொடிமுத்து.

இக்காலப் பாசிமணிகளின் அளவெண்ணைப் புரிந்துகொள்ள இப்பழைய சல்லடையை நினைவில் கொண்டால் போதும். உறைகளில் 6/0, 8/0, 11/0, 15/0 என அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். இங்கும் எண் பெரிதாயின் மணி சிறிது. 6/0 மணி ஏறத்தாழ 4 மி.மீ. குறுக்களவு உடையது, 8/0 ஏறத்தாழ 3 மி.மீ.; 11/0 ஏறத்தாழ 2 மி.மீ.; 15/0 ஏறத்தாழ 1.5 மி.மீ. ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லை இங்கே கருத்துடன் கொள்ளல் வேண்டும். செக் நாட்டு 11/0 மணியும் ஜப்பானிய 11/0 மணியும் ஒரே வரிசையில் நின்றால் வரிசை கோணும். ஜப்பானிய மணிகளின் சுவர் மெல்லியதாகவும் துளை அகன்றதாகவும் இருத்தல் வழக்கம். ஒரு வேலைக்கு ஒரே தயாரிப்பாளரின் மணிகளையே, இயலுமாயின் ஒரே முறையில் வாங்கியவற்றையே, பயன்படுத்துதல் நன்று.

நீட்டிய கண்ணாடியும் குடைந்த கல்லும்

மணியில் துளை எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிந்தால் அத்துளை எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதும் விளங்கும்.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அவ்வூர் பண்டைய மணித்தொழிலின் பேரிடங்களுள் ஒன்று. அங்குச் செய்யப்பட்ட சிறு கண்ணாடி மணிகளைப் பிற்கால ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ எனப் பெயரிட்டு அழைத்தார். உருகிய கண்ணாடியின் நடுவே வெற்றிடம் உண்டாக்கி, அதை நீண்ட குழலாக இழுத்து, குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனைகளை மழுங்கச் செய்வதே அம்முறை. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இம்மரபு நம் காலம் வரை தொடர்ந்து வந்துள்ளது. இன்றைய பாசிமணிகளும் அடிப்படையில் இழுத்த குழலை நறுக்கிச் செய்யப்படுபவையே. ஆகவே அவற்றின் துளை ஒரு முனை முதல் மறுமுனை வரை ஒரே சீராக இருக்கும்; சூடேற்றப்பட்ட விளிம்பும் மழமழப்பாக இருக்கும். 11/0 மணியில் துளை ஏறத்தாழ 0.8 மி.மீ.; 15/0 மணியில் அதனினும் சற்றுக் குறைவு; 8/0 மணியில் 1 மி.மீ. அளவு. குழலை நறுக்கிய பின் சூடேற்றாமல் விடப்படும் ‘பைப்’ மணிகளின் விளிம்பு மட்டும் கத்திபோல் கூர்மையாக நிற்கும். அவற்றின் இரு பக்கமும் உருண்டைப் பாசி ஒன்றைக் கோத்தால் நூல் கூர்விளிம்பில் உராய்வது தவிர்க்கப்படும்.

கல்மணி வேறு வகை. ஈரோடு மாவட்டம் சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணலில் பளிங்கு, சூதுபவளம், செவ்வந்திக்கல், பெரில் முதலிய கற்களில் மணி செய்த பட்டறைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. வடிவம் பெற்றும் துளை பெறாத மணிகளும் அவற்றுள் உண்டு. கடினமான கல்லை ஒரே பக்கத்திலிருந்து துளைத்தால் துளைமுனை வெளிவரும் இடத்தில் கல் சிதறும். ஆதலால் இரு பக்கங்களிலிருந்தும் துளையிட்டு நடுவில் சந்திக்கச் செய்தல் மரபு. இன்றும் கல்மணிகள் பல இவ்வாறே துளையிடப்படுகின்றன. அதன் விளைவு கோப்போரின் கையில் தெரிகிறது. துளையின் வாய் அகன்றிருக்க, நடுவில் மட்டும் அது குறுகியும் சிறிது விலகியும் நிற்கும். ஊசி பாதி வரை எளிதாகச் சென்று அங்கே முட்டி நின்றுவிடும்.

விற்போர் கூறும் துளையளவு பெரும்பாலும் வாயின் அளவே. 6 மி.மீ. கல்மணிக்கு 0.8 முதல் 1 மி.மீ. வரை என்றும், 8 மி.மீ. கல்மணிக்கு 1 மி.மீ. என்றும் சொல்லப்படும். நடுப்பகுதிக்காக அதிலிருந்து சிறிது கழித்தே கணக்கிடுதல் வேண்டும். மறுபக்கத்திலிருந்து ஊசியை நுழைத்தால் சில மணிகள் வழிவிடும். முட்டும் மணியில் ஊசியை அழுத்தித் தள்ளினால் உடைவது ஊசியாக இருந்தால் நல்லூழ். மணியாக இருந்தால் அதுவரை கோத்தது முழுவதையும் பிரிக்க நேரும்.

அளக்கும் வழிகள்

வெர்னியர் அளவி ஒன்று இருப்பின் மணியின் குறுக்களவை நேரே காணலாம். இல்லையெனில் பத்து மணிகளை நெருக்கமாகக் கோத்து, அளவுகோலில் அவற்றின் மொத்த நீளத்தைக் கண்டு பத்தால் வகுத்தால் போதும். இதில் கிடைப்பது துளைத்திசையில் உள்ள நீளம் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். பாசிமணிகள் தட்டையானவை; அவற்றின் நீளம் குறுக்களவினும் குறைவு. மாலைக்கு எத்தனை மணி என எண்ணுவதற்கு நீளமும், அருகருகே வரிசையாகத் தைப்பதற்குக் குறுக்களவும் தேவை.

துளையை அளக்கக் கம்பியே எளிய கருவி. அளவு தெரிந்த நாலைந்து கம்பித் துண்டுகளை ஓர் அட்டையில் செருகி, ஒவ்வொன்றின் கீழும் மில்லிமீட்டரை எழுதி வைத்துக்கொண்டால், எந்தக் கம்பி மறுபுறம் வரை செல்கிறதோ அதுவே துளையின் பயனளவு. கடைக்குச் செல்லும்போதும் இவ்வட்டை கைப்பையில் இருக்கலாம்.

கம்பி வாங்குவதில் ஒரு பொறி உண்டு. இந்தியாவில் கம்பியின் ‘கேஜ்’ எண் பெரும்பாலும் பிரித்தானிய முறையைச் சார்ந்தது. இணையத்தில் விற்கப்படும் நகைக் கம்பிகள் பலவற்றில் இருப்பது அமெரிக்க முறை. பிரித்தானிய முறையில் 22 எண் கம்பி 0.71 மி.மீ.; அமெரிக்க முறையில் அதே 22 எண் 0.64 மி.மீ. இருபதில் வேறுபாடு இன்னும் கூடுதல்: முன்னது 0.91, பின்னது 0.81. இருபத்து நான்கில் 0.56, 0.51. காண்பதற்கு மயிரிழை வேறுபாடுதான். ஆயினும் 0.7 மி.மீ. துளையுள்ள மணியில் அமெரிக்க 22 நுழையும். ஊரிலிருந்து வந்த 22 நுழையாது. எண்ணைக் கேளாது மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குதலே இதற்கு மருந்து.

ஊசிகளிலும் எண் கூடினால் மென்மை கூடும். பாசி ஊசியில் 10 என்பது 0.5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 12 ஏறத்தாழ 0.4 மி.மீ. முத்துக் கோக்கும் பட்டுநூல் மட்டும் எதிர்வழியில் செல்கிறது. நுனியில் கம்பி ஊசி இணைத்து அட்டையில் சுற்றி விற்கப்படும் அந்நூலில் 0 என்பது 0.30 மி.மீ., 2 என்பது 0.45, 4 என்பது 0.60, 8 என்பது 0.80. எண் கூடினால் நூல் தடிக்கும். மணிக்கும் கம்பிக்கும் ஊசிக்கும் ஒரு வழி, நூலுக்கு மற்றொரு வழி என்னும் இக்குழப்பத்தை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. ஒவ்வொரு தொழிலும் தன் கணக்கைத் தானே வகுத்துக்கொண்டது.

எத்தனை முறை நுழையும்?

ஒரு மணியில் நூல் ஒரே முறை செல்வது மாலையில் மட்டும். பின்னல் வேலையில் அதே துளையில் இரண்டு, மூன்று, நான்கு முறை நூல் செல்லும். வட்டத் துளைக்குள் இரு இழைகள் அடங்கத் துளை இழையைப் போல் 2 மடங்கு வேண்டும். மூன்று இழைகளுக்கு 2.15 மடங்கு, நான்குக்கு 2.41 மடங்கு, ஏழுக்கு 3 மடங்கு. 0.25 மி.மீ. நூலும் 0.8 மி.மீ. துளையும் இருப்பின் கணக்கின்படி ஏழு இழைகள் அடங்கும். ஆயின் ஒவ்வொரு முறையும் ஊசியும், அதன் காதில் மடிந்த நூலும் அதே துளையில் செல்ல வேண்டியிருப்பதால், நான்கு முறைக்கு மேல் நம்புதல் தகாது. ஆரி ஊசியின் தண்டிலேயே மணிகளை ஏற்றித் தைப்போர் மணி வாங்குமுன் ஊசியையே மணியில் விட்டுப் பார்த்தல் வேண்டும். ‘சுகர்’ மணி எனப்படும் பொடிமணிகளில் ஒரே பொட்டலத்திற்குள்ளும் துளை மாறுபடும். ஏறாத மணிகளைத் தனியே ஒதுக்கிவிடலாம்.

தங்கூசி நரம்பைப் பலர் விரும்புவது ஊசியின்றிக் கோக்கலாம் என்பதற்காக. மலிவான நகைக்கு அது போதும். எனினும் அதன் முடிச்சு வழுக்கி அவிழும் இயல்புடையது. கூரிய விளிம்பில் கீறல் பட்டால் திடீரென அறும். கைவளைக்குப் பயன்படும் ரப்பர் இழைக்கு எதிரி வெப்பம். வெப்பம் 50 பாகையை எட்டும் குவைத்துக் கோடையில் நிறுத்திவைத்த வண்டிக்குள் விடப்பட்ட வளை, வெளித்தோற்றம் மாறாமலே வலுவிழந்துவிடும். 8 மி.மீ. கல்மணிகளுக்கு 0.7 மி.மீ. இழையை ஒற்றையாகவோ, 0.4 மி.மீ. இழையை இரட்டையாகவோ இடலாம். முடிச்சை மறைக்க 1.5 மி.மீ. துளையுள்ள மணி ஒன்றையேனும் இடையில் சேர்த்துக்கொள்ளுதல் நன்று.

முத்து, தஸ்பீஹ், தாலிக்குண்டு

முத்தின் துளை அதன் பருமனை நோக்கச் சிறியது. முத்து எடைக்கு விற்கப்படும் பொருள். துளை அகலும் அளவுக்கு எடை குறையும். எனவே நன்னீர் முத்துகளில் துளை 0.7 மி.மீ. அளவிலேயே நிற்கும். இரு முத்துகளுக்கிடையே முடிச்சிடும் வழக்கத்திற்குக் காரணங்கள் இரண்டு: முத்துகள் ஒன்றோடொன்று உராயாதிருத்தல்; நூல் அறுந்தால் ஒரு முத்துக்கு மேல் விழாதிருத்தல். முடிச்சு துளையைவிடப் பெரிதாக இருந்தாலன்றி இவ்விரண்டும் நிறைவேறா. 0.7 மி.மீ. துளைக்கு 2 எண் பட்டுநூல் பொருந்தும். நூல் மிக மெலிதாயின் முடிச்சு துளைக்குள் புதைந்துவிடும். அணிபவர் அதை அறிவது மாலை தளர்ந்த பின்னரே.

கழுத்தணியின்றி வழிபாட்டுக்காகக் கோக்கப்படும் மணிகளுக்கு வேறு இலக்கணம். குவைத் நகரின் முபாரக்கியா சந்தையில் விற்கப்படும் ‘மிஸ்பாஹ்’, தமிழ் முஸ்லிம்கள் தஸ்பீஹ் மணி என வழங்குவது, 33 அல்லது 99 மணிகள் கொண்டது. விரலால் தள்ளத் தள்ள மணி நகர வேண்டும் என்பதால் இழையில் சில மணிகளின் அளவுக்கு இடைவெளி விடப்படும். துளையும் இழையை இறுகப் பிடித்தலாகாது. ‘கஹ்ரமான்’ எனப்படும் அம்பர் மணி மென்மையானது. அதன் துளை விளிம்பு எளிதில் பெயரும். உலோகக் கம்பியில் அதைக் கோத்தால் துளை நாளடைவில் தேய்ந்து அகலும். பட்டு இழையே ஏற்றது. கிறித்தவரின் ஐம்பத்து மூன்று மணி செபமாலை, பெரிய மணிகள் ஆறுடன் சேர்த்து 59 மணிகள் கொண்டது. அது பெரும்பாலும் கம்பி வளையங்களால் இணைக்கப்படுவதால் இரு பக்கமும் வளையம் மடிக்கத்தக்க கம்பி நுழையும் துளை வேண்டும். 108 உருத்திராக்க மணிகளிலோ துளை இயற்கையாகவே காயின் நடுவில் அமைந்தது. உள்ளிருக்கும் துகள்களை நீக்கிய பின்னரே கோத்தல் தகும்.

தாலிக்குண்டு பலர் கவனியாத பொருள். மஞ்சள் கயிறு நுழைவதற்கென அகன்ற துளையுடன் செய்யப்பட்ட பொற்குண்டை மெல்லிய சரட்டில் மாற்றிக் கோக்கும்போது குண்டு சாய்ந்து நின்று, விளிம்பு ஒரே இடத்தில் சரட்டை அராவும். மெல்லிய தகட்டால் ஆன குண்டில் நெடுநாள் தேய்ந்த விளிம்பு கத்தியைப் போன்றது. ஆடிப்பெருக்கில் கயிறு மாற்றுமுன், பழைய கயிற்றில் எங்கே நைந்துள்ளது என்று பார்த்தால் எந்தக் குண்டு அதை அராவுகிறது என்பது தெரிந்துவிடும். அக்குண்டை வீட்டில் அரத்தால் தேய்க்காமல் பொற்கொல்லரிடம் கொடுத்தல் வேண்டும். அரக்கு நிரப்பிய குண்டாயின் சூடுபடுத்தவே கூடாது. தாலி தொலைந்த துயரத்தை நூலின் விலையால் அளக்க இயலாது.

மற்ற மணிகளில் விளிம்பின் கூர்மையை அறிய, பருத்தி நூலை நுழைத்துப் பத்து முறை முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கலாம். நூலில் பிசிறு எழுந்தால் அம்மணியைத் தனியே வைக்க வேண்டும்.

நீளக் கணக்கு

40 செ.மீ. சரம் ஒன்றில் 4 மி.மீ. மணிகள் 100 இருக்கும், 8 மி.மீ. மணிகள் 50, 10 மி.மீ. மணிகள் 40. இதை அறிந்தோரும் கைவளையில் தவறுவர். மணி தடித்தால் வளையின் உட்சுற்று குறையும். குறைவு மணியின் குறுக்களவைப் போல் 3.14 மடங்கு. மணிக்கட்டு 16 செ.மீ. எனின், 6 மி.மீ. மணிகளுக்கு 1.9 செ.மீ. கூட்டி 30 மணிகள் கோக்க வேண்டும், 10 மி.மீ. மணிகளுக்கு 3.1 செ.மீ. கூட்டி 19 மணிகள். இருவகைக்கும் 16 செ.மீ. என்றே கோத்துவிட்டு, வளை இறுகுகிறது என்று ரப்பர் இழையைக் குறை கூறுதல் பயனற்றது.

துளையைப் பெரிதாக்குதலும் மண்மணியும்

வைரத்துகள் பூசிய கூம்பு அரத்தால் துளையைச் சிறிது அகற்றலாம். மணியையும் அரத்தையும் நீரில் நனைத்தே இவ்வேலையைச் செய்தல் வேண்டும். நீர் வெப்பத்தைத் தணிக்கும். அதனினும் முக்கியமாக, கல்தூளைப் பறக்க விடாது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணிகளைத் தேய்த்தும் துளைத்தும் வாழ்வோர் அத்தூளைச் சுவாசித்துச் சிலிக்கோசிஸ் என்னும் தீரா நுரையீரல் நோய்க்கு ஆளாகி வருகின்றனர். காற்றோட்டம் குறைந்த அறையில், குழந்தைகள் உறங்கும் இடத்தில், உலர்ந்த கல்லை அராவுதல் அறவே கூடாது. சாயம் பூசிய மணிகளும் மெல்லிய பாசிகளும் அரத்தைத் தாங்கா.

மண் நகை செய்வோர் துளையை ஈரமண்ணிலேயே இடுகின்றனர். மண் சுருங்கும்போது துளை விரியும் என்று எண்ணுதல் பிழை. உடல் முழுதும் சுருங்குவதால் துளையும் உடன் சுருங்கும். நூற்றுக்குப் பத்துப் பங்கு சுருங்கும் மண்ணில் 1.5 மி.மீ. துளை வேண்டுமெனில் 1.7 மி.மீ. குச்சியால் துளையிடல் வேண்டும். வண்ணம் உள்ளே வழிந்து அடைக்கும் என்பதற்காக இன்னும் சிறிது கூட்டலாம். ஊரில் உமியும் மரத்தூளும் இட்டுச் சுடுவது போல் அடுக்ககத்தின் சமையலறையிலோ மாடியிலோ மண் சுடுதல் தீ விபத்துக்கு வழிவகுக்கும். இங்கு வாழ்வோர்க்குக் காற்றில் உலரும் மண்ணே தக்கது.

வேலை முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடைத்து, மணிகளை மூடியுள்ள பெட்டிகளில் இட்டு உயரத்தில் வைத்தல் வேண்டும். தவழும் குழந்தையின் வாய்க்கு 8 மி.மீ. மணி மிக எளிதில் எட்டும். காந்தக் கொக்கிகளை இன்னும் கவனமாகக் காக்க வேண்டும். விழுங்கப்பட்ட இரு காந்தங்கள் குடலின் சுவரை இடையில் நெருக்கிப் புண்ணாக்கும். குழந்தை காந்தத்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லல் வேண்டும். மூச்சுத் திணறல் ஏற்படின் குவைத்தின் அவசர அழைப்பு எண் 112.